தென்காசி வண்டி வரட்டும்

சிரிப்பு வரும். அதில் சந்தேகமே வேண்டாம், வயிறு வலிக்கிற சிரிப்பு, தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பவன் மூக்கு வழியாக விடுகிற சிரிப்பு, ஆனால் இப்போது இல்லை, தென்காசி வண்டி வரட்டும் என்று சொரிமுத்து தன் மனசுக்குள் நின்றிருந்த கூட்டத்திடம் சொல்லிக்கொண்டான். கூட்டம் சும்மா இல்லை, சட்டைப்பையில் இருக்கிற போனுக்குள் நிஜமாகவே காத்துக் கிடக்கிறது. ‘சொரி சவுண்ட் சர்வீஸ்’ என்று அவன் நடத்துகிற பக்கத்தில், கோயில் கொடைத் திருவிழா மைக்காரர் குரலில் நேற்றே அறிவித்தாகிவிட்டது: அன்பார்ந்த ரசிகப் பெருமக்களே, நாளை மாலை, எங்க ஊர் மில் கேட் பஸ் ஸ்டாப்பில், எங்கம்மா முகத்தில், இரண்டாம் பாகம், சிரிப்பு கேரண்டி, சிரிக்காதவர்களுக்குப் போட்ட லைக் வாபஸ். அம்மா பக்கத்தில்தான் நிற்கிறாள். அரக்குக் கலர் பட்டு, தலையில் பிச்சிப்பூ, கையில் குடை, குடையை விரிக்காமல் வெயிலில் நிற்கிறாள், விரித்தால் பஸ்ஸை மறைக்கும் என்று. வீட்டில் சொதிக் குழம்பு வைத்து மூடிவிட்டு வந்திருக்கிறாள். அப்பாவுக்கு. மஸ்கட்டில் ஏசி மாட்டுகிற வேலை பார்க்கும் இசக்கிப்பாண்டி விமானத்தில் திருவனந்தபுரம் இறங்கி, அங்கிருந்து தென்காசி வந்து, தென்காசியிலிருந்து பஸ் பிடித்து இன்றைக்கு வருகிறார் என்று அவளுக்கு வாட்ஸப்பில் குரல் வந்திருக்கிறது. இசக்கிப்பாண்டி வரவில்லை. எந்த வண்டியிலும் வரப்போவதில்லை. இங்கே தனக்காகத் தேங்காய்ப்பால் பிழிந்தது அவருக்குத் தெரியவும் தெரியாது. வாரேன் என்று சொன்ன குரல் சொரிமுத்துவுடையது.

கட்டைவிரல் தானாகப் போய்விட்டது. திரையை மேலிருந்து கீழே இழுத்துவிட்டான், சின்ன வட்டம் சுற்றியது, சுற்றுகிற நேரம் தொண்டைக்குழியில் என்னமோ எழும்பி நின்றது, பரீட்சைத் தாளை வாத்தியார் திருப்பிக் காட்டப்போகிற நேரம் மாதிரி, வட்டம் நின்றது, ஒன்றும் இல்லை. எழும்பினது உட்கார்ந்தது. சரி, இன்னும் ஒரு தடவை. இழுத்துவிட்டான், நாலைந்து இதயம் முளைத்தது, அடியில் ஒருத்தன் ‘அம்மாவுக்கு உண்மை தெரியிற மூஞ்சிதான் வேணும் ப்ரோ, சீக்கிரம்’ என்று எழுதியிருந்தான், நல்லாத்தான் இருந்தது, ஆனால் வட்டம் சுற்றின நேரத்தில் இருந்த அளவுக்கு நல்லா இல்லை, அது ஏன் என்று யோசிப்பதற்குள் விரல் மறுபடி போய்விட்டது, ஒன்றும் இல்லை. பாடையில போற விரலு, என்று அம்மா குரலில் விரலைத் திட்டினான். அம்மா அப்படித்தான் திட்டுவாள், இப்போது திட்டுவதில்லை. ஒரு பஸ் வந்தது. அம்பாசமுத்திரம் டவுன் பஸ். பின்வாசலில் தொங்கிய கண்டக்டர் மில்கேட் மில்கேட் மில்கேட் என்று மூக்கால் கத்தினார், அந்த மூக்குக் குரலை சொரிமுத்து ஏழாம் வகுப்பிலேயே மிமிக்ரி எடுத்துவிட்டான், அதற்குப் பிறகு ஹெட்மாஸ்டர், ரேஷன் கடை எடைக்காரர், ஆர்மோனியம் வாசிக்கும் பாஸ்டர், பக்கத்து வீட்டு ஆடு, எவர் குரலானாலும் ரெண்டு தடவை கேட்டால் போதும், வாயில் வந்து உட்கார்ந்துவிடும், அவன் சொந்தக் குரல் மட்டும் எப்போதும் உடைந்து கீச்சென்று வரும், அதை யாருக்கும் கேட்கத் தோன்றியதில்லை, அவனுக்கும்தான்.

அவன் பக்கம் முதன்முதலில் பிய்த்துக்கொண்டு ஓடியது ஒரு டாக்டரால். டை கட்டின டாக்டர், மூளையைப் பற்றி வீடியோவில் பேசுகிறவர், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் எச்சில் விழுங்குவார், அந்த எச்சிலுக்காகவே சொரிமுத்து அவரை மனப்பாடம் செய்தான். நேயர்களே, க்ளுக், எலி ஒன்று கூண்டில் இருக்கிறது, கட்டையை மிதித்தால் தீனி விழும், மிதிக்கிற ஒவ்வொரு தடவையும் விழுந்தால் எலி பசிக்கு மட்டும் மிதிக்கும், வயிறு நிறைந்தால் படுத்துக்கொள்ளும், ஆனால், க்ளுக், விழுந்தாலும் விழும் விழாவிட்டாலும் விழாது என்று மாற்றிவைத்தால் படுக்காது, மிதித்துக்கொண்டே இருக்கும், ஏனென்றால் டோபமின் என்கிற சங்கதி தீனியில் கிளம்புவதில்லை நேயர்களே, வருமோ வராதோ என்கிற அந்த நிமிஷத்தில் கிளம்புகிறது, நாள் தவறாமல் நேரம் தவறாமல் வருகிற எதற்கும் நம் மூளை தலையைக்கூடத் தூக்காது, க்ளுக். வகுப்பில் சொல்லிக் காட்டினான், வகுப்பே சிரித்து உருண்டது. பயாலஜி மிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். இன்னொரு தடவை சொன்னான். பக்கத்தில் போட்டான், ஆயிரக்கணக்கில் லைக். அதற்கப்புறம் டாக்டரைப் போட்டால் நூறு, அதற்கப்புறம் முப்பது, ஆட்டைப் போட்டால் பன்னிரண்டு, பாஸ்டரைப் போட்டபோது ஒருத்தன் கொட்டாவி விடுகிற பொம்மை அனுப்பினான், அன்றைக்கு முழுக்கச் சோறு இறங்கவில்லை. இப்போது யோசித்தால் அந்த டாக்டர் பேச்சில் ஒரு எழுத்துகூட அவன் விடவில்லை, எச்சிலைக்கூட விடவில்லை, என்ன சொன்னார் என்பதை மட்டும் விட்டுவிட்டான்.

தெருவில் மூன்றாவது வீட்டு லெச்சுமி அத்தை பையோடு வந்து நின்றாள். பார்த்ததும் ஆரம்பித்தாள், என்ன மதினி பட்டு எல்லாம் பலமா இருக்கு, பொண்ணு கிண்ணு பாக்கப் போறியளா இந்தக் குரங்குக்கு என்று. அம்மா சிரித்தாள். ஆஸ்பத்திரிக்கு என்றாள். ஆஸ்பத்திரிக்குப் பட்டா, எந்த டாக்டரு அது, எனக்கும் சொல்லு மதினி, நானும் ரெண்டு இருமல் இருமிட்டு வாரேன் என்று அத்தை இழுத்தாள். அம்மா பொய் சொல்லுகிற ஆள் இல்லை. யார்ட்டயும் சொல்லாத சத்தி, திடீர்னு வந்து நிக்கணும் என்று அப்பா அவளைப் பேர் சொல்லிச் சொல்லியிருக்கிறாரே, அதனால் காது சிவக்கச் சிவக்கச் சொன்னாள். அப்பா எங்கே சொன்னார், இவன் சொன்னது. தன் வாயிலிருந்து போன ஒரு வார்த்தை அம்மா வாயில் போய்ப் பொய்யாகி நிற்பதை அவன் பார்த்தான். சிரிப்பு இங்கேயே வந்திருக்க வேண்டியது. வரும் வரும், பொறுங்கள் ரசிகப் பெருமக்களே. அத்தை போகிறபோது அவன் காதருகே வந்து, ஏல, உங்கப்பன் பேசினானா என்று மட்டும் மெதுவாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, எங்க வீட்டு அண்ணாச்சி போன வாரம் மஸ்கட்டுல ஒரு கடையில பாத்தாகளாம், நல்லாத்தான் இருக்கானாம், சட்டை எல்லாம் தேய்ச்சுப் போட்டுட்டு என்று சேர்த்தாள். நல்லாத்தான் இருக்கான். அந்த ‘நல்லாத்தான்’ அவனுக்குள் மாட்டிக்கொண்டது. அத்தையின் குரலிலேயே திரும்பத் திரும்ப ஓடியது. சாகவில்லை, படுக்கவில்லை, போன் தொலையவில்லை, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு கடைக்குப் போகிறார். பேசவில்லை, அவ்வளவுதான்.

முன்னெல்லாம் வெள்ளிக்கிழமை தவறாமல் வரும். மத்தியானம் போன் அடித்தால் எடுத்துப் பார்க்கவே வேண்டாம், அப்பாதான், சாப்ட்டியா, பயல் படிக்கானா, மழை உண்டுமா, சரி வைக்கேன். அம்மா தோள்பட்டையில் போனை இடுக்கிக்கொண்டு கீரை ஆய்ந்தபடியே ம், ம் என்பாள். அந்த ‘ம்’மைக்கூட அவன் எடுத்துக் காட்டி அவளிடம் ஒரு குட்டு வாங்கியிருக்கிறான். யாரும் அந்தப் போனுக்காகக் காத்திருந்ததில்லை. பிறகு ஒரு வெள்ளி வரவில்லை. அடுத்தது வந்தது. அப்புறம் மூன்று வரவில்லை, செவ்வாய்க்கிழமை ஒன்று சம்பந்தமில்லாமல் வந்தது, அதில் அப்பா சிரித்தாராம், அம்மா அந்தச் சிரிப்பை ரெண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தாள். அதிலிருந்துதான் போன் அவளோடு அடுப்படிக்குப் போயிற்று, குளிக்கிற இடத்து ஜன்னலில் உட்கார்ந்தது, தலையணைக்கடியில் படுத்தது. தீபாவளிக்கு அப்புறம் ஒன்றுமே இல்லை. அவள் தட்டில் சோறு காய்ந்தது. தெருவில் யார் வீட்டில் போன் அடித்தாலும் கழுத்து திரும்பியது. இதை எல்லாம் சொரிமுத்து பார்த்தான், பார்க்கவில்லை என்றும் சொல்லலாம், ஒரு கண் அவனுடைய திரையில் இருந்தது, ஒரே வீட்டில் ரெண்டு பேர், ரெண்டு போன், ரெண்டு பேரும் குனிந்தபடி. க்ளுக். இல்லை, அந்தக் குரல் இப்போது வேண்டாம்.

முதல் தடவை வேடிக்கைக்குத்தான். சத்தியமாக வேடிக்கைக்குத்தான். இன்னொரு சிம்மைப் போட்டு, அப்பா புது நம்பர் என்று அவனே அவள் போனில் பதிந்து கொடுத்து, குரலை அனுப்பிவிட்டு, கதவிடுக்கில் நின்று எடுத்தான். ஏ சத்தி, நாந்தான், போன் ரிப்பேராப் போச்சு, சாப்ட்டியாட்டி. அவ்வளவுதான். உடனே பாய்ந்து போய் ஏமாந்தியா என்று கத்துவதாகத்தான் திட்டம். அம்மா போனைக் காதில் வைத்தவள் வைத்தபடி முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். ஏன் போட்டுக்கொண்டாள் என்று அவனுக்கு இன்றைக்கும் தெரியாது. பிறகு தட்டை எடுத்துவைத்து, உட்கார்ந்து, போனை எதிரில் சுவரில் சாய்த்துவைத்து, அதைப் பார்த்துக்கொண்டே ரெண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டாள். அம்மா சாப்பிடுகிறாளே என்று ஒரு பக்கம் இருந்தது. அதைச் சொன்னால் நல்ல பிள்ளை ஆகிவிடலாம், சொல்லிக்கொண்டும் இருந்தான். இன்னொரு பக்கம் அந்த வீடியோவைப் போட்டான். டாக்டர் எல்லாம் எந்த மூலைக்கு. போன் சூடாகிக் கையைச் சுட்டது. முளைத்துக்கொண்டே இருந்தது, முளைத்துக்கொண்டே, பாவம்டா அம்மா என்று எழுதிவிட்டு அடியிலேயே விழுந்து சிரிக்கிற பொம்மை, செகண்ட் பார்ட் எப்போ, எப்போ, எப்போ.

அதனால் செய்நேர்த்தியாகவே செய்தான். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று, வாயில் ஈரத்துண்டு பிடித்து, பக்கத்தில் டேபிள் ஃபேனை ஓடவிட்டு, இன்னொரு போனில் இந்திக்காரர்கள் பேசுகிறதை லேசாக வைத்து, மஸ்கட்டையே மாடியில் இறக்கினான். கடைசியாக அனுப்பியதுதான் பெரிசு: லீவு கிடைச்சிட்டு, வண்டி கிண்டி பிடிக்காண்டாம், பஸ்லயே வந்துருதேன், மில் கேட்டுல இறங்குதேன், சத்தி, வாரேன்டி. அந்த ‘வாரேன்டி’யை எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்து எடுத்தான், அப்பாவுக்கு டகரத்தில் நாக்கு கொஞ்சம் தங்கும். அம்மா அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுத் தேய்த்துவிட்டாள். காலையில் பால் காய்ச்சும்போது, துணி அலசும்போது, தூங்குவதற்கு முன்னால். பாட்டுப் புஸ்தகம் மாதிரி அவளுக்கு அதில் ஒவ்வொரு மூச்சும் தெரியும். முடிகிற இடத்துல பாத்தியால, வாரேன்டின்னு சொன்ன உடனே தூரத்துல ஒரு கப்பல் ஊதுது, நீளமா ஊதிட்டுக் கடைசியில விக்குது, துறைமுகத்துப் பக்கத்துல இருக்காக போல என்று அவள் ஒரு நாள் சந்தோஷமாகச் சொன்னாள். கப்பலா, ஆமாம்மா கப்பல்தான் என்றான் அவன். காது கொடுத்துக் கேட்கவில்லை. கேட்கிற நேரத்தில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. நாம் போட்டதில் கப்பல் ஏது என்று ஒரு நிமிஷம் நினைத்தான், இந்திக்காரன் வீடியோவில் இருந்திருக்கும் என்று விட்டுவிட்டான்.

ஒரு தென்காசி வண்டி வந்தது. அம்மா முகம் நிமிர்ந்தது. சொரிமுத்து போனைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துப் படிப்பதுபோல் பிடித்து, வீடியோவின் சிவப்புப் புள்ளியைத் தட்டினான். பஸ் நின்றது, முன்வாசலில் ஒரு கிழவர், பின்வாசலில் காலேஜ் பெண்கள், ஒரு பலாப்பழம், அதைத் தூக்கியவன். அவ்வளவுதான். முகம் இறங்கியது. மறுபடி ஒரு வண்டி, மறுபடி நிமிர்ந்தது, இறங்கியது. திரைக்குள் சின்னதாகத் தெரிந்த அந்த முகத்தை அவன் பார்த்துக்கொண்டே இருந்தான், ரோட்டு வளைவில் ஹாரன் கேட்டதும் தொண்டைக்குழி எழும்புகிறது, வண்டி வந்து நிற்கிற வரைக்கும் கண் பளபளவென்று இருக்கிறது, ஆட்கள் இறங்கி முடிந்ததும் அணைகிறது, அடுத்த ஹாரன், இந்த முகத்தை எங்கேயோ பார்த்திருக்கிறோமே, எங்கே, எங்கே என்று தேடினான், இருட்டுத் திரையில், போன் அணைந்ததும் தெரிகிற அந்தக் கறுப்புக் கண்ணாடியில், தினமும், தன்னுடையதில். சொல்லிவிடலாம். இப்போதே. எம்மா, நாந்தான். ரெண்டு வார்த்தை. வாயைத் திறந்தால் செய்தி வாசிக்கிறவர் குரல் வருகிறது, கண்டக்டர் வருகிறார், மைக்காரர் வருகிறார், இதைச் சொல்வதற்கு ஏற்ற குரல் ஒன்றுகூடக் கையிருப்பில் இல்லை. அவள் விழுந்துவிட்டால். பஸ் ஸ்டாப்பில் எல்லார் முன்னாலும். அல்லது விழாமல், திட்டாமல், வீட்டுக்குப் போய்ச் சொதியை எடுத்துக் கொட்டிவிட்டு, பழையபடி தட்டில் சோறு காய ஆரம்பித்தால். அப்பா வராதது இத்தனை நாளும் ஒரு தடவைதான், சொல்லிவிட்டால் அவர் ரெண்டாவது தடவையும் வராமல் போகிறார், ரெண்டாவது தடவைக்கு ஆள் இவன். “எம்மா, வீட்டுக்குப் போவமா” என்றான், சொந்தக் குரலில், கீச்சென்று. அவள் வளைவையே பார்த்துக்கொண்டு, “இன்னும் ஒரு வண்டி பாத்துட்டுப் போவோம்ல” என்றாள். இன்னும் ஒரு தடவை. அவன் விரல் புள்ளியிலேயே இருந்தது. அணைக்கவில்லை. அணைத்துவிடலாம் என்று நினைத்தான், நினைத்ததை எடுத்து ஓரமாக வைத்தான், நினைத்தவனே நல்லவன்தான் என்று வைத்துக்கொண்டான்.

மில் கேட்டில் ஷிப்டு மாறுகிற நேரம். சைக்கிள்கள் சேர்ந்தன. காத்திருந்து களைத்தவள் தைரியத்துக்கு மறுபடி அந்தக் குரலைப் போட்டுக் காதில் வைத்தாள், வெளியில் வழிந்தது அவனுக்கும் கேட்டது, வண்டி கிண்டி பிடிக்காண்டாம், பஸ்லயே. இந்த ஊரில் ஷிப்டுக்கு ஊதுகிற மில்லுச் சங்கு யாருக்கும் கேட்பதில்லை. மெட்ராஸிலிருந்து வந்த சித்தப்பா ஒரு தடவை பதறிப்போய் காப்பியை மடியில் கொட்டிக்கொண்டார், என்ன சத்தம் அது என்றார், என்ன சத்தம் என்று இவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பிறந்ததிலிருந்து நேரம் தவறாமல் ஊதுகிறது, யார் தலை தூக்குவார். ஊரில் ஆடு வரைக்கும் குரல் எடுத்தவன் சங்கை மட்டும் எடுத்ததில்லை. இன்றைக்கும் ஊதியது. வீடு ஊருக்கு அந்தக் கோடி, அங்கே நூலாக வரும், இங்கே கேட்டுக்குப் பக்கத்தில் நெஞ்சு அதிர்கிறது, அப்போதும் அவனுக்குக் கேட்கவில்லை, திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். திரைக்குள் அம்மா முதலில் லேசாகச் சிரித்தாள், கப்பல் வருகிற இடம். பிறகு சிரிப்பு அங்கேயே நின்றது. போனைக் காதிலிருந்து எடுத்தாள், பார்த்தாள், திரும்ப வைத்தாள். வெளிச் சங்கு நீளமாக இழுத்துக் கடைசியில் விக்கியது. அவள் விரல் மறுபடி தட்டியது. சத்தி, வாரேன்டி. சின்னதாக, போனுக்குள்ளே, மொட்டைமாடிக்குத் தூரத்தில், அதே இழுப்பு, அதே விக்கல். இந்தத் தடவை சொரிமுத்துவுக்கும் கேட்டது. பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக அந்தச் சங்கைக் கேட்டான்.

அம்மா மில்லைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். அவன் கையில் தன் பக்கமாகத் திரும்பியிருந்த போனைப் பார்த்தாள். சத்தம் போடவில்லை. வாய்க்குள்ளேயே பேசுகிற மாதிரி, “ஏல முத்து, மஸ்கட்டுலயும் நம்ம மில்லுதான் ஓடுதோ” என்று கேட்டாள். வளைவில் ஹாரன் கேட்டது, தென்காசி வண்டி. எல்லாம் தெரிந்துபோன அந்த முகம், அவனிடமிருந்து திரும்பி, வந்து நிற்கிற பஸ்ஸின் பின்வாசல் பக்கம் நிமிர்ந்தது.